வசூலின் தீர்ப்பு மக்கள் தீர்ப்பா?

(தருமபுரி மாவட்டத் தோழர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சினிமாவைப் பற்றிப் பேச அழைத்த தோழர்கள் ஒரு நிபந்தனையும் சேர்த்தே விதித்தார்கள். ஊரறிந்த படங்களைப் புகழ்ந்து பொழுதைப் போக்க வேண்டாம். நம்மவர் பாராத, ஆனால் பார்த்தே தீரவேண்டிய படங்கள் எவை என்று மட்டும் கூறுங்கள் என்றார்கள். நிபந்தனை நியாயமானது. 1952-இல் வந்த 'பராசக்தி'யை நான் சிபாரிசு செய்யத் தேவையில்லை. 2021-இல் வந்த 'ஜெய் பீம்' படத்தையும் சிபாரிசு செய்யத் தேவையில்லை. அவை தம் கால்களாலேயே நடந்து வீடுதோறும் சென்றுவிட்டன. கால் ஒடிக்கப்பட்ட படங்கள் சில உண்டு. அவற்றைத் தோளில் தூக்கிச் செல்ல ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேடியே இங்கு வந்திருக்கிறேன்.

மேடை ஏறுமுன்பே ஒரு தோழர் என்னை மடக்கினார். "ஓடாத படம் என்றால் மக்கள் ஒதுக்கிய படம் என்றுதானே பொருள்? மக்கள் தீர்ப்பே இறுதித் தீர்ப்பு என்று ஊர்தோறும் முழங்கும் நாம், மக்கள் ஒதுக்கியதை மறுபடியும் அவர்கள் தலையில் கட்டலாமா?" என்றார். கேள்வியில் கூர்மை இருக்கிறது. இதற்குப் பதில் கூறாமல் ஒரு படத்தின் பெயரையும் உச்சரிக்க எனக்கு உரிமை இல்லை.

தேர்தலையே எடுத்துக்கொள்வோம். இந்த மாவட்டத்துக் கோட்டூர் மலையை நீங்கள் அறிவீர்கள். வாகனம் ஏற வழியில்லாத அந்த மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதையின் முதுகில் ஏற்றிச் சென்ற காட்சியைப் பல தேர்தல்களில் பத்திரிகைகள் படம் பிடித்துப் போட்டன. பார்த்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மலைமேல் சில நூறு பேர் இருந்தாலும் அவர்களுடைய வாக்கு எண்ணப்பட்டாக வேண்டும், அதற்காகப் பெட்டி அவர்களைத் தேடிப் போகவேண்டும் என்ற ஜனநாயக நியதி, அந்தக் கழுதையின் முதுகில் ஏறிச் சென்றது. அப்படித் தேடிச் சென்று கேட்ட பிறகு மக்கள் தருவதுதான் தீர்ப்பு.

சினிமாவில் நடப்பது அதுவா? படவுலகம் தமிழ்நாட்டை ஆளும் முறையே வேறு. அதற்கென்று தனிப் பூகோளம் இருக்கிறது. தருமபுரி 1965 அக்டோபர் 2-ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று; ஆனால் விநியோகஸ்தர்களின் வரைபடத்தில் நாம் இன்னமும் 'சேலம் ஏரியா'தான். பெரிய நட்சத்திரம் நடித்த படமானால் மினிமம் கேரண்டி என்ற பெயரில் முன்பணம் கைமாறுகிறது. விநியோகஸ்தர் கொடுத்ததைக் கொட்டகைக்காரரிடம் எடுக்கிறார். கொட்டகைக்காரர் கொடுத்ததை நம்மிடம் எடுத்தாக வேண்டும். ஆகவே நாலு காட்சியும் அந்தப் படத்துக்கே. நட்சத்திரம் இல்லாத படம் வந்தால், பங்கு வீதத்தில் ஒரு காட்சி. பெரும்பாலும் கூலிக்காரன் வேலைக்குப் போயிருக்கும் நேரத்துக் காட்சி. வெள்ளியன்று வந்த படம் வியாழனோடு போய்விடும். ஞாயிற்றுக்கிழமை ஒருவன் பார்த்து, திங்கட்கிழமை வேலையிடத்தில் சொல்லி, கேட்டவன் அடுத்த ஞாயிறு மனைவி மக்களோடு புறப்பட்டுப் போனால், சுவரில் வேறு போஸ்டர் ஒட்டியிருக்கும். வாக்குச் சாவடியே அமைக்காமல் "மக்கள் வாக்களிக்கவில்லை" என்று முடிவு அறிவிக்கும் இந்த ஏற்பாட்டுக்கு மக்கள் தீர்ப்பு என்றா பெயர் சூட்டுவது?

"இப்போதுதான் கைப்பேசியில் எல்லாம் கிடைக்கிறதே" என்பார்கள். கிடங்கில் கிடப்பதும் கையில் கிடைப்பதும் ஒன்றாகுமா? ஓடிடி தளத்தின் முகப்பில் எதை நிறுத்துவது, எதை உள்ளே புதைப்பது என்பதை அங்கேயும் முதலாளியே தீர்மானிக்கிறான்.

அதற்காக, தோற்ற படமெல்லாம் தங்கம் என்று நான் வாதாட வரவில்லை. ஓடாத படங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு ஓடாமலிருப்பதே நாட்டுக்கு நல்லது. மிச்சமுள்ள பத்தைப் பற்றித்தான் நம் பேச்சு.

அந்தப் பத்தில் முதலிடம் 'பாதை தெரியுது பார்' படத்துக்கு. ஆண்டு 1960. இடதுசாரி அபிமானிகள் பலர் கூடிப் பணம் போட்டு, குமரி பிலிம்ஸ் என்ற பெயரில் எடுத்த படம் அது. இயக்கியவர் நிமாய் கோஷ் என்ற வங்காளி. யார் இந்த நிமாய் கோஷ்? தேசப் பிரிவினையால் வீடிழந்து கல்கத்தாவுக்கு ஓடிவந்த அகதிகளின் கதையை 1950-இல் 'சின்னமூல்' என்ற படமாக எடுத்தவர். சியால்டா ரயில் நிலையத்தில் கிடந்த அகதிகளையே அந்தப் படத்தில் காட்டினார். ரித்விக் கட்டக் அதில் நடித்தார். சோவியத் நாட்டின் மாபெரும் இயக்குநர் புடோவ்கின் இந்தியா வந்தபோது அதைப் பார்த்து வியந்தார். படம் சோவியத் நாட்டுக்குச் சென்றது. அத்தகைய மனிதர் சென்னைக்கு வந்து சேர்ந்து என்ன செய்தார்? ஸ்டூடியோவில் விளக்குத் தூக்குகிறவனும் தண்டவாளம் போடுகிறவனும் தொழிலாளியே என்று கூறி அவர்களுக்குச் சங்கம் அமைக்கும் பணியில் இறங்கினார். திரையில் தொழிலாளியைக் காட்டுவதற்கு முன், திரைக்குப் பின்னாலிருந்த தொழிலாளியைக் கண்டவர் அவர்.

அவருக்குத் தோள் கொடுத்தவர் எம். பி. சீனிவாசன். ஜாலியன்வாலாபாக் காலத்துப் பஞ்சாப் சிங்கம் சைபுதீன் கிச்லுவின் மருமகன். பின்னாளில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைக் கட்டி வளர்த்தவர். 'பாதை தெரியுது பார்' படத்துக்கு அவரே இசை. தோழர் கே. சி. எஸ். அருணாசலம் பாட்டெழுதினார், ஜெயகாந்தனும் பாட்டெழுதினார். தென்னங்கீற்றை ஊஞ்சலாக்கிய அந்தப் பாட்டை இன்றும் வானொலியில் கேட்டுத் தலையசைக்கிறோம். எந்தப் படத்தில் வந்தது என்று கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் விழிப்பார்கள். பாட்டு பிழைத்துக்கொண்டது, படம் பிழைக்கவில்லை.

தொழிலாளர் வாழ்வையும் சங்கத்தையும் நேருக்கு நேர் காட்டிய அந்தப் படத்துக்கு மத்திய அரசின் நற்சான்றுப் பத்திரம் கிடைத்தது. கொட்டகைதான் கிடைக்கவில்லை. அதன் கதாநாயகன் கே. விஜயன் பிற்காலத்தில் இயக்குநராகி, 1979-இல் சிவாஜி கணேசனின் இருநூறாவது படமான 'திரிசூலம்' எடுத்து வசூலைக் குவித்தார். இதைக் கேலியாகக் கூறவில்லை. அதே மனிதர், அதே திறமை. பின்னால் நின்ற பணம் வேறு. 1955-இல் 'பாதேர் பாஞ்சாலி' முடிவதற்கு மேற்கு வங்க அரசின் பணம் கைகொடுத்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். நமது 'பாதை'க்கு எந்த அரசும் கை கொடுக்கவில்லை.

எம். பி. சீனிவாசனைப் பற்றிப் பேச்செடுத்ததால் இன்னொன்று. மேலே கழுதையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அதே பிராணியை நடு அக்கிரகாரத்தில் நிறுத்திக் கேள்வி கேட்ட படம் 'அக்ரகாரத்தில் கழுதை'. ஜான் ஆபிரகாம் இயக்கினார். வெங்கட் சாமிநாதன் எழுதினார். கழுதைக் குட்டியை எடுத்து வளர்க்கும் பேராசிரியராக எம். பி. சீனிவாசனே நடித்தார். 1977-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது பெற்றது. பின்னர் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாகும் என்று அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் கைவிட்டார்கள். விருது கொடுத்த கையே திரையை மூடியது. படம் மெதுவாக நகரும்; பொறுமை வேண்டும். பொறுத்தவர்களுக்குப் பலன் உண்டு.

ஜெயகாந்தன் பெயரைச் சொன்னதும் சில முகங்கள் சுருங்கியதைப் பார்த்தேன். நம் இயக்கத்தின் நிழலில் வளர்ந்து, பின்னர் வேறு நிழலைத் தேடிப் போனவர்தான். ஆனால் அவர் எடுத்த படம் எந்தக் கட்சியின் உறுப்பினர் சீட்டையும் சட்டைப்பையில் வைத்திருக்கவில்லை. 1965-இல் வெளிவந்த 'உன்னைப்போல் ஒருவன்' படத்தைச் சொல்கிறேன். கதையும் அவருடையது, இயக்கமும் அவருடையது. சேரிப் பையன் ஒருவன், சித்தாள் வேலை செய்யும் அவன் தாய், அவள் வாழ்வில் வந்து சேரும் கிளி ஜோசியன் ஒருவன் - இவ்வளவே கதை. சேரியைப் பார்த்துக் கண்ணீர் வடிக்கும் படம் அல்ல அது. சேரிக்குள் இருந்து பார்க்கும் படம். சத்யஜித் ராயின் 'சாருலதா' முதலிடம் பெற்ற அதே தேசிய விருது வரிசையில் இதற்கு மூன்றாவது சிறந்த படம் என்ற சிறப்புக் கிடைத்தது. டில்லியில் ராய்க்குப் பக்கத்தில் நின்ற படத்துக்குத் தமிழ்நாட்டில் நிற்க இடம் இல்லை.

இனி, நம் மாவட்டத்தின் சொந்தப் படம் ஒன்றுக்கு வருகிறேன். "நம் மாவட்டத்துக்கென்று ஏது படம்? ஒகேனக்கல் அருவியில் பாட்டுக்கு ஆடிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதானே" என்று கேட்கக்கூடும். 'கப்பலோட்டிய தமிழன்' நம் படம்.

1961-இல் வந்தது, பி. ஆர். பந்துலு எடுத்தார். வ. உ. சிதம்பரனாராகச் சிவாஜி கணேசன், பாரதியாராக எஸ். வி. சுப்பையா, சுப்பிரமணிய சிவாவாக டி. கே. சண்முகம். படத்தின் பெயரை அறியாதவர் இல்லை. செக்கிழுக்கும் காட்சியைத் துண்டாகப் பார்க்காதவரும் இல்லை. முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தவர் எத்தனை பேர்? நட்சத்திரம் இருந்தும் வசூலில் தோற்று, தயாரித்தவருக்கு நட்டத்தைக் கொடுத்த படம் அது. ஆகவே, நட்சத்திரம் இல்லாததுதான் எல்லாத் தோல்விக்கும் காரணம் என்று நான் சொன்னால் அதுவும் முழு உண்மையாகாது. தோற்றவர்களின் கதையைத் தோல்வியோடேயே முடித்த படம். காதலும் சண்டையும் கலந்த வெற்றியில் பழகிய கொட்டகைக்கு அந்தக் கசப்பு பிடிக்கவில்லை. பின்பாதி நாடகமேடை போல இருப்பதும் உண்மை.

ஆயினும் பாருங்கள். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் நடுவே நின்று பேசியவர்கள் வ.உ.சி.யும் சிவாவும். மார்ச்சில் கைது, பின்பு கொடுந்தண்டனை. சுதேசிக் கப்பல் என்பதோடு கதையை நிறுத்திக்கொள்வோர் ஆலைத் தொழிலாளியை மறந்துவிடுவார்கள், நாம் மறக்கலாகாது. சிறை சிவாவுக்குக் கொடுத்த பரிசு தொழுநோய். வ.உ.சி. விடுதலையாகிச் சிறை வாசலுக்கு வரும்போது வரவேற்க ஊர் திரண்டு நிற்கவில்லை. உருக்குலைந்த ஒருவர் மட்டும் நிற்கிறார். சிவா என்று அடையாளம் தெரியவில்லை. டி. கே. சண்முகத்தின் நடிப்பை அந்த ஒரு காட்சிக்காகவே காணலாம்.

நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏற விடாதபோது, நடந்தும் வண்டியிலும் ஊர் ஊராகச் சென்று பேசிய அந்த மனிதர் கடைசியில் எங்கு வந்து சேர்ந்தார்? பாப்பாரப்பட்டிக்கு! இங்கே நிலம் வாங்கினார். பாரதபுரம் என்று பெயரிட்டார். பாரத மாதா ஆலயம் எழுப்ப நினைத்தார். தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். ஆலயம் எழுவதைப் பாராமலே, 1925 ஜூலை 23-ஆம் நாள் சிவா இதே மண்ணில் கண் மூடினார். அவர் நினைவிடத்தில் மாலை போடுகிறோம். அந்த ஊரில் அந்தப் படத்தைத் திரைகட்டிக் காட்டலாம் அல்லவா? கோரல் ஆலையின் கதையைப் பாப்பாரப்பட்டியின் இளைஞர்களுக்குச் சொல்ல இதைவிட எளிய வழி எது?

அடுத்தது கசப்பானது. கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25. ஒரே குடிசையில் 44 உயிர்கள். 1973-இல் உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தது. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவலைத் தழுவி ஸ்ரீதர் ராஜன் 1983-இல் எடுத்த 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' படத்தைப் பாருங்கள் என்கிறேன். ஆனால் ஓர் எச்சரிக்கையோடு. கூலி உயர்வு கேட்டதற்காகவும் செங்கொடி பிடித்ததற்காகவும் நடந்த வர்க்கக் கொலையை, ஒரு பண்ணையாரின் உடற்குறைக்குள் விடை தேடிய நாவல் அது. அந்த விடையை நாம் ஏற்கவில்லை. ஆகவே முதல் நாள் பாரதி கிருஷ்ணகுமார் 2005-இல் எடுத்த 'ராமையாவின் குடிசை' என்ற ஆவணப்படத்தைக் காட்டுங்கள். மறுநாள் கதைப்படத்தைக் காட்டுங்கள். மாற்றிக் காட்டினால் கதை உண்மையை விழுங்கிவிடும்.

பழைய கணக்கு போதும், இந்தக் காலத்துக்கு வா என்கிறீர்களா? வருகிறேன். அம்ஷன் குமார் எடுத்து 2018-இல் வெளியான 'மனுசங்கடா'. இன்குலாப் பாட்டின் பெயரையே தாங்கிய படம். சென்னையில் வேலை செய்யும் தலித் இளைஞன் ஒருவன், தந்தை இறந்த செய்தி கேட்டு ஊருக்கு ஓடுகிறான். பிணத்தைப் பொதுப்பாதை வழியே எடுத்துச் செல்ல ஆதிக்கச் சாதியார் தடை. உயர் நீதிமன்றம் செல்கிறான், ஆணை பெறுகிறான். அதிகாரிகள் தலையாட்டுகிறார்கள். முடிவில், ஆணையை ஓரத்தில் வைத்துவிட்டு, தந்தையின் உடலைக் காவல் துறையே தூக்கிச் சென்று புதைத்துவிடுகிறது. கெய்ரோ திரைப்பட விழா வரை சென்ற படம் இது. நம் ஊர்களுக்கு வந்ததா?

ஆணை கையில் இருக்கிறது. நிறைவேற்றும் கை எங்கே? இந்தக் கேள்வி வாச்சாத்தியைப் பெற்ற மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1992 ஜூன் 20-இல் நடந்த வெறியாட்டத்துக்கு 2011 செப்டம்பர் 29-இல் இதே தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள். ஆனால் அவர்களில் 54 பேர் அதற்குள் செத்தே போயிருந்தார்கள். உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29-இல். முப்பத்தோர் ஆண்டுகள்! அந்தப் பெண்களின் உறுதிக்கு முன் எந்தக் கதாநாயகனின் வீரமும் தூசு.

'மனுசங்கடா'வை எங்கே திரையிடுவது என்பதில்தான் நம் அரசியல் இருக்கிறது. காலனிக்குள் திரை கட்டுவது சுலபம். அன்போடு பாய் விரிப்பார்கள். படத்தைப் பார்த்து, "எங்களுக்குத் தெரிந்ததைத்தானே காட்டுகிறீர்கள்" என்பார்கள். அவர்கள் அறியாத எதையும் அந்தப் படம் அவர்களுக்குச் சொல்லப்போவதில்லை. 2012 நவம்பர் 7-இல் நத்தம் காலனி எரிந்ததே, எரிந்தவர்களுக்கா தீயைப் பற்றிப் பாடம்? திரை கட்ட வேண்டிய இடம் ஊர்த் தெரு. அங்கே நமக்கு வாக்குகள் இருக்கின்றன, வருத்தப்படுவார்களே என்று தயங்கும் தோழர் இருப்பாரானால், அவர் படப்பெட்டியைத் தூக்க வேண்டாம். முதலில் ஒருமுறை தனியே உட்கார்ந்து படத்தைப் பார்க்கட்டும். ஊர்த் தெருவிலும் கூலிக்காரன் இருக்கிறான், கடன்காரன் இருக்கிறான், தன் மகன் பெங்களூருக்குப் பிழைக்கப் போன தகப்பன் இருக்கிறான். அவனிடம் பேசுவதற்கு அஞ்சினால் நாம் வேறு யாரிடம் பேசப்போகிறோம்?

அந்தத் தகப்பனுக்கும் ஒரு படம் உண்டு. லெனின் பாரதி 2018-இல் தந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'. மலைப்பாதையில் சுமை தூக்கும் ரங்கசாமிக்கு ஒரே ஆசை: கையகல நிலம். பாடுபட்டுச் சேர்க்கிறான், கைக்கு வருகிறது, கடன் அதை விழுங்குகிறது. கடைசியில் தன் நிலமாக இருந்த இடத்தில் முளைத்த காற்றாலைக்கு அவனே காவற்காரனாக நாற்காலி போட்டு உட்காருகிறான். தொழிற்சங்கத் தலைவராக ஒரு தோழரும் படத்தில் வருகிறார்; நம்மைப் புகழவும் இல்லை, இகழவும் இல்லை, உள்ளபடி காட்டியிருக்கிறார்கள். வத்தல்மலையிலும் சித்தேரியிலும் தலைச்சுமையோடு ஏறி இறங்கியவர்களுக்கு இந்தப் படத்தை விளக்க வேண்டியதே இல்லை. தேனி மலை என்பதை மாற்றி நம் மலை என்று வைத்துக்கொண்டு அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

வேலைக்கு வருவோம். அக்காலத்தில் படப்பெட்டி என்றால் சுருள் சுருளாக இரும்புச் சுமை; டெண்டுக் கொட்டகை வேண்டும், கார்பன் விளக்கு வேண்டும், இயக்க ஆள் வேண்டும். இன்று புரொஜெக்டர் ஒரு தோள்பையில் அடங்கும். வெள்ளை வேட்டி நான்கைச் சேர்த்துத் தைத்தால் திரை. ஒலிபெருக்கி நம் கிளை ஒவ்வொன்றிலும் உண்டு. உரிமை பெற்றவர்களிடம் அனுமதி கேட்டுப் பெறுங்கள். உழைத்து எடுத்தவனுக்குத் தெரியாமல் திரையிடுவது நமக்கு அழகல்ல. சிறு படம் எடுத்தவர்களில் பலர், மக்கள் பார்க்கிறார்கள் என்றால் மகிழ்ந்தே ஒப்புவார்கள். 'பாதை தெரியுது பார்', 'உன்னைப்போல் ஒருவன்' போன்றவற்றைத் தேடிப் பிடிப்பது கடினம். புனேயில் 1964 முதல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இயங்கி வருகிறது. மாவட்டக் குழுவின் பெயரில் முறையாக ஒரு கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். கடிதத்தை யார் எழுதுவது என்று இன்றே பொறுப்புக் கொடுங்கள்.

படம் முடிந்த மறுகணமே ஒலிபெருக்கியைப் பிடித்து முக்கால் மணி நேரம் விளக்கவுரை ஆற்றாதீர்கள். விளக்கைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பின்வரிசையில் ஒரு பாட்டி ஏதாவது சொல்லுவாள். அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் காட்சி ஜூலை 23, பாப்பாரப்பட்டி, 'கப்பலோட்டிய தமிழன்' என்று வைத்துக்கொள்ளலாம். அதன்பின் அரூர்ப் பக்கம். கோட்டூர் மலைக்கு 'மேற்குத் தொடர்ச்சி மலை'யை எடுத்துச் செல்ல நாலு பேர் வேண்டும். ஜெனரேட்டர் கனமானது, ஏற்றம் கடுமையானது. பெயர் கொடுக்க விரும்பும் தோழர்கள் கூட்டம் கலையுமுன் வாசலில் இருக்கும் செயலாளரிடம் கொடுக்கலாம்.